வலி மாத்திரையும் அதன் வடிவமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி வலையபட்டியில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். நமக்கு முன் பேசியவர்கள் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். ஆகவே நாம் ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். சிரிக்க வேண்டா. இப்பந்தலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் முந்தானை முடிச்சிலும், கட்டட வேலை முடித்து நேரே இங்கு வந்திருக்கும் தம்பிமார்களின் சட்டைப்பையிலும் இப்பொழுது எத்தனை வலி மாத்திரைகள் இருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினால் சிரிப்பு அடங்கிவிடும். நடவு நட்ட இடுப்புக்கும், சித்தாள் வேலை செய்த தோளுக்கும், செங்கல் சூளையில் குனிந்த முதுகுக்கும் நம் மக்கள் தேடும் முதல் மருந்து அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று முட்டு வலிக்கென ஒரு கடையில் வாங்கியது. மற்றொன்று இடுப்பு வலிக்கென வேறொரு கடையில் வாங்கியது. பெயர் வேறு, நிறம் வேறு, விலையும் வேறு. ஒன்றினுள் இருந்தது டைக்ளோஃபெனாக். மற்றதனுள் இருந்தது அசெக்ளோஃபெனாக். இரண்டையும் காலையும் மாலையும் வெறும் வயிற்றில் பல வாரங்கள் உண்டிருக்கிறார். அவை ஒரே குடும்பம், சொல்லப்போனால் தாயும் மகளும் போன்றவை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. நமக்கும் அது அன்று தெரியாது. நாம் கலைப்பட்டம் பெற்றவர்கள். வேதியியல் நம் பாடமன்று. அந்நிகழ்ச்சிக்குப் பிறகே நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்கள் எதிரே மாணவனைப் போல் அமர்ந்து கற்றுக்கொண்டோம். அவ்வாறு கற்றதையே ஈண்டு உங்கள் முன் வைக்கிறோம்.

அடிபட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இதனை அழற்சி என்பர். அவ்விடத்தில் உடல் தானே புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களைச் சுரக்கிறது. அவற்றைச் செய்து தரும் நொதியின் பெயர் சைக்ளோ ஆக்சிஜனேஸ். நொதி என்பது ஒரு புரதம். ஏறக்குறைய 600 அமினோ அமிலங்கள் சங்கிலியாய்க் கோக்கப்பட்டு, மடிந்து சுருண்டு ஓர் உருவம் பெற்றது. அதன் நடுவே நீண்ட குறுகலான குகை ஒன்று உண்டு. உயிரணுவின் சவ்விலிருந்து விடுபட்டு வரும் அராக்கிடோனிக் அமிலம், 20 கரி அணுக்களைக் கொண்ட நீண்ட வால் போன்ற மூலக்கூறு, அக்குகைக்குள் நுழைகிறது, உள்ளே வளைகிறது, ஆக்சிஜன் ஏற்றப்பெறுகிறது, புரோஸ்டாகிளாண்டினுக்கு முன்னோடியான பொருளாய் வெளியேறுகிறது. நெல் ஆலையில் ஒருபுறம் நெல் புகுந்து மறுபுறம் அரிசி வருவது போல என்று கொள்ளலாம்.

வலி மாத்திரை செய்வது யாது? அக்குகையை அடைத்துவிடுகிறது, அவ்வளவே. ஆனால் எப்படி அடைக்கிறது, எவ்வளவு நேரம் அடைக்கிறது, எந்தக் குகையை அடைக்கிறது என்பன எல்லாம் அம்மருந்து மூலக்கூறின் வடிவத்தைப் பொறுத்தவை. ஓர் அணு இடம் மாறினாலும் வினை மாறும்.

ஆஸ்பிரினிலிருந்து தொடங்குவோம். வில்லோ மரப்பட்டையின் கசப்பு காய்ச்சலைத் தணிக்கும் என்பதை 1763இல் எட்வர்டு ஸ்டோன் என்னும் பாதிரியார் இங்கிலாந்தின் அறிவியற் கழகத்துக்கு எழுதினார். அக்கசப்பிலிருந்து கிடைத்த சாலிசிலிக் அமிலம் வலியைத் தணித்தது, வயிற்றையும் புண்ணாக்கியது. நாம் நெற்றியில் தேய்க்கும் தைலத்தின் மூக்கைத் துளைக்கும் மணமும் இவ்வமிலத்தின் உறவான மெத்தில் சாலிசிலேட்டின் மணமே. 1897இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வகத்தில் சாலிசிலிக் அமிலத்தோடு ஒரு சிறிய அசிட்டைல் தொகுதியை இணைத்துத் தூய மருந்தாக்கினார்கள். 1899இல் அதற்கு ஆஸ்பிரின் என்று பெயரிட்டனர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியுள்ளது. ஆஸ்பிரினை ஆக்கியவர் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் என்றே பாடநூல்கள் சொல்லும். அதே ஆய்வகத்தில் ஆர்தர் ஐகன்குரூன் என்ற வேதியியலார் இருந்தார். அவர் யூதர். இட்லர் ஆட்சியில் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டுப் பிழைத்து வந்தார். 1949இல், தம் வாழ்வின் கடைசி ஆண்டில், ஹாஃப்மன் தம் மேற்பார்வையில்தான் அவ்வேலையைச் செய்தார் என்று எழுதி வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் வால்டர் ஸ்னீடர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, ஐகன்குரூன் சொன்னது நம்பத்தக்கதே என்றார். பேயர் நிறுவனம் அதனை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை என்றே கொள்ளுங்கள். எனினும் பிறப்பின் பெயரால் ஒருவர் உழைப்பின் பெயர் அழிக்கப்படக்கூடும் என்பதை நமக்கு வேறொருவர் வந்து விளக்க வேண்டுவதில்லை.

ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பது அது சந்தைக்கு வந்து 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தெரியாமலே இருந்தது. 1971இல் இங்கிலாந்தின் ஜான் வேன், அது புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982இல் அவரும் ஸ்வீடன் நாட்டார் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பின்னர்த் தெரிந்தது இது: நொதிக் குகையின் உட்புறத்தில் 530ஆம் இடத்தில் செரின் என்னும் அமினோ அமிலம் ஒன்று உள்ளது. ஆஸ்பிரின் உள்ளே வந்து, தன்னிடமுள்ள அசிட்டைல் தொகுதியை அச்செரினின் மேல் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. குகை நிரந்தரமாக அடைபடுகிறது. அந்நொதி மீண்டும் எழாது. உயிரணு புதிய நொதியை ஆக்கினால்தான் உண்டு. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களுக்கோ உட்கரு இல்லை. புதிய நொதியை ஆக்க அவற்றால் இயலாது. அவை வாழும் 7 முதல் 10 நாள்கள் வரை முடங்கியே கிடக்கும். மாரடைப்பு வந்தவர்க்கு மருத்துவர் நாளும் 75 மில்லிகிராம் என்னும் சிறிய அளவு ஆஸ்பிரின் தருவதன் காரணம் இதுவே. டெங்குக் காய்ச்சலில் அதனைத் தரலாகாது என்பதன் காரணமும் இதுவே. டெங்குவில் தட்டணுக்கள் முன்னமே குறைகின்றன. எஞ்சியவற்றையும் முடக்கினால் குருதிக் கசிவு பெருகும்.

ஐபுபுரோஃபென் வேறு விதமானது. இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் ஆடம்சும் அவர் குழுவினரும் கண்டது. 1969இல் அங்கு மருந்தாக வந்தது. அதன் ஒரு முனையில் கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதி உண்டு. குகை வாயிலில் 120ஆம் இடத்தில் நேர்மின் ஏற்றமுடைய ஆர்ஜினின் நிற்கிறது. எதிர்மின் ஏற்றமுடைய அமில முனை அதனைப் பற்றிக்கொள்கிறது. மூலக்கூறின் மற்றப் பகுதி குகையை நிறைக்கிறது. ஆனால் இது ஒட்டுவதன்று, உட்கார்வது. சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். ஆதலின் மாத்திரையை மறுபடி விழுங்க வேண்டியிருக்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்று. ஐபுபுரோஃபென் மூலக்கூறு நம் இரு கைகள் போல ஒன்றற்கொன்று கண்ணாடி உருவமான இரண்டு வடிவங்களில் உள்ளது. அணுக்கள் அவையே, இணைப்புகள் அவையே. எனினும் ஒரு வடிவமே குகைக்குள் சரியாய்ப் பொருந்தும். வலக்கை உறையை இடக்கையில் மாட்ட முடியுமா? பொருந்தாத வடிவத்தில் ஒரு பகுதியை நம் உடல் பொருந்தும் வடிவமாய் மாற்றிக்கொள்கிறது என்பது மேலும் வியப்பு.

இதிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் பிறக்கிறது. இதயத்துக்காக ஆஸ்பிரின் உண்ணும் பெரியவர் ஒருவர், மூட்டு வலிக்கு முதலில் ஐபுபுரோஃபெனை விழுங்கிவிட்டார் என்போம். அது குகையில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் ஆஸ்பிரின் செரினை அடைய வழியின்றித் திரும்பும்; சிறிது நேரத்தில் உடலிலிருந்தே அழிந்துபோகும். ஐபுபுரோஃபெனும் எழுந்து போனபின் குகை திறந்தே கிடக்கும். இதயத்துக்கென உண்ட மாத்திரை வீணாயிற்று. இரண்டையும் உண்பவர்கள் எதனை எப்பொழுது உண்பது என்று மருத்துவரைக் கேட்டேயாக வேண்டும்.

இனி நம் ஊர்க் கடைகளின் அரசனான டைக்ளோஃபெனாக்கிடம் வருவோம். இரண்டு பென்சீன் வளையங்கள். இடையே ஒரு நைட்ரஜன் பாலம். ஒரு வளையத்தில் அப்பாலத்தின் இருபுறமும் இரண்டு குளோரின் அணுக்கள். குளோரின் பருத்த அணு. இரண்டு பருத்தவர்கள் ஒரு பெஞ்சின் நடுவில் இருப்பவரின் இருபுறமும் நெருங்கி உட்கார்ந்தால் அவர் திரும்பித்தான் அமர வேண்டும். அவ்வாறே அவ்வளையம் மற்றதோடு ஒரே தளத்தில் நில்லாமல் முறுக்கிக்கொள்கிறது. அம்முறுக்கிய வடிவந்தான் குகைக்கு ஏற்றது. இன்னொன்றும் உண்டு. டைக்ளோஃபெனாக் குகை வாயிலின் ஆர்ஜினினைப் பற்றுவதில்லை. தலைகீழாய் நுழைந்து, தன் அமில முனையால் உட்புறத்திலுள்ள செரினையும் டைரோசினையும் பற்றுகிறது என்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே குடும்பத்து மருந்துகளாயினும் ஒரே வாயிற்படியில் ஏறுவன அல்ல.

1991 அளவில் இந்நொதியில் ஒன்றல்ல, இரண்டு வகை உண்டு என்பது தெளிவாயிற்று. முதல் வகை எப்பொழுதும் பணியில் இருப்பது. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் கோழையைப் பேணுகிறது. இரண்டாம் வகை பெரும்பாலும் அழற்சி வந்த இடத்தில் தோன்றுவது. பழைய மருந்துகள் இரண்டையும் அடைத்தன. வலி நின்றது, வயிறு புண்ணாயிற்று. நம் மூதாட்டியின் இரத்த வாந்திக்கு விளக்கம் இதுதான்.

இரண்டாம் வகையை மட்டும் அடைக்க முடியுமா என்று அறிவியலார் தேடினர். இரு நொதிகளின் உருவங்களையும் எக்ஸ் கதிரால் படமெடுத்தனர். முதலாவது 1994இல், இரண்டாவது 1996இல். குகைகள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் 523ஆம் இடத்தில் முதல் வகையில் ஐசோலூசின், இரண்டாம் வகையில் வேலின். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு கரி அணுவும் அதனோடு சேர்ந்த இரண்டு ஹைட்ரஜனும். அவ்வளவு சிறிய வேறுபாட்டால் இரண்டாம் வகைக் குகையின் பக்கத்தில் ஒரு மாடக்குழி திறந்துகொள்கிறது. அம்மாடத்தில் போய் அமரும்படி சல்ஃபோனமைடு என்னும் தொகுதி நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறே செலிகாக்சிப். அது மாடமற்ற முதல் வகைக்குள் எளிதில் பொருந்தாது. 1998இன் இறுதியில் அமெரிக்காவில் இசைவு பெற்றது.

வெற்றி என்று எண்ணினர். 1999இல் ரோஃபெகாக்சிப் என்னும் மற்றொரு மருந்து வந்தது. அது இரண்டாம் வகையை இன்னும் கூர்மையாய்த் தேர்ந்து அடைத்தது. வயிறு தப்பியது, இதயம் அகப்பட்டது. குருதிக் குழாயின் சுவரில் உறைதலைத் தடுக்கும் ஒரு பொருளை உண்டாக்குவது இரண்டாம் வகை நொதி. தட்டணுவில் உறைதலைத் தூண்டும் பொருளை உண்டாக்குவது முதல் வகை. ஒன்றை மட்டும் அடைத்தால் தராசு ஒருபுறம் சாய்ந்துவிடும். மாரடைப்புகள் மிகுந்தன என்று ஆய்வில் தெரிந்ததும் 2004 செப்டம்பர் 30இல் மெர்க் நிறுவனம் அதனை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அவ்வாண்டின் இறுதியில் இந்தியாவிலும் தடை வந்தது.

டைக்ளோஃபெனாக்கிலும் கை வைத்தார்கள். ஒரு குளோரினை எடுத்துவிட்டு அங்கே ஃபுளோரினை வைத்து, மற்ற வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தனர். லூமிராகாக்சிப் என்று பெயர். இரண்டாம் வகையை மட்டும் தேர்ந்து அடைக்கும் திறன் பன்மடங்காயிற்று. 2007இல் கல்லீரல் கேட்டின் காரணமாக ஆஸ்திரேலியா அதனை விலக்கியது. வடிவத்தை மாற்றினால் குகையில் மட்டுமன்று, உடலின் வேறெங்கோவும் கணக்கு மாறிவிடுகிறது.

இப்பொழுது மூதாட்டியின் இரண்டாவது அட்டைக்கு வருவோம். அசெக்ளோஃபெனாக் என்பது டைக்ளோஃபெனாக்கின் அமில முனையில் ஒரு சிறு வாலை ஒட்டியது. மாட்டின் உடலில் அவ்வால் விரைவில் அறுந்து அது டைக்ளோஃபெனாக்காகவே ஆகிவிடுகிறது. மனிதர் உடலிலும் ஒரு பகுதி அவ்வாறு ஆகிறது. மாட்டைப் பற்றி ஏன் சொல்கிறோம் என்றால், இக்கதையின் பெரிய பகுதி அங்கேதான் நடந்தது. அது நமக்கு மிக அருகிலுள்ள கதை.

ஊரில் மாடு செத்தால் அதனை இழுத்துப் போடும் வேலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர். அவர்களோடு அவ்வேலையைப் பகிர்ந்துகொண்டது ஒரே ஓர் உயிர், பாறுக்கழுகு. பிணந்தின்னி என்று அதனையும் இழித்தே பெயரிட்டார்கள். நாம் இழுத்துப் போட்டோம்; அது தின்று தீர்த்தது. ஊர் சுத்தமாயிற்று. இருவருக்கும் நன்றி சொன்னவர் இல்லை.

1990களின் பிற்பாதியில் ராஜஸ்தானின் பரத்பூர் காப்பகத்தில் கழுகுகள் தலை தொங்கி மடிவதை விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் கண்டார். 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது. நோய் என்று தேடினர், கிருமி அகப்படவில்லை. 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் பாகிஸ்தானில் காரணத்தைக் கண்டனர். வலிக்காக மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுகிறார்கள். அம்மாடு சில நாள்களில் செத்தால் உடலில் மருந்து தங்கியிருக்கிறது. அதனைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசினாற்போல் படிகிறது. மாட்டுச் சடலங்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தைச் சூழ்ந்து பல கழுகுகள் உண்பது அவற்றின் வழக்கம்.

2006இல் இந்திய அரசு கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்தது மெலாக்சிகாம். அதன் வடிவமே வேறு. கார்பாக்சில் முனை அதற்கில்லை. வேறு வகையான அமிலத்தன்மை உடையது. அதுவும் அதே நொதியைத்தான் அடைக்கிறது. மாட்டின் வலியைத் தணிக்கிறது. ஆனால் கழுகின் உடல் அதனை விரைந்து உடைத்து வெளியேற்றிவிடுகிறது. டைக்ளோஃபெனாக்கோ கழுகினுள் நெடுநேரம் தங்கி நஞ்சாகிறது. குகை ஒன்றே, வேலை ஒன்றே. வடிவம் வேறானதால் ஒன்று உயிரைக் கொல்கிறது, ஒன்று விட்டுவிடுகிறது.

தடைக்குப் பிறகும் மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். ஆகவே 2015இல் மனிதருக்கான ஊசிக் குப்பி 3 மில்லி லிட்டருக்கு மேற்படக்கூடாது என்று ஆணையிட்டனர். மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. 2017இல் நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. 2023இல் கால்நடைக்கான கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் தடை செய்யப்பட்டன. வால் அறுந்தால் மகள் தாயாகிவிடுவாள் என்பதனை அரசு ஏற்க 17 ஆண்டுகள் ஆயின. தமிழ்நாட்டில் நீலகிரிக்கு அடியிலுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கில் நீர்மருது மரங்களில் கூடு கட்டி எஞ்சிய பாறுகள் வாழ்கின்றன.

கழுகு போனபின் சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. கழுகுகள் வாழ்ந்த மாவட்டங்களில் 2000 முதல் 2005 வரை 5 இலட்சம் மனிதர் இதனால் கூடுதலாக இறந்திருப்பர் என்று பொருளியல் ஆய்வாளர் இருவர் மதிப்பிட்டுள்ளனர். அழுகிய சடலத்தை அகற்ற மறுபடி அழைக்கப்பட்டவர் யார் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. 1927இல் மகாடு மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம்மவர்க்குச் சொன்னார். 2016இல் குஜராத்தின் உனா வட்டத்தில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அவ்வேலையைச் செய்யச் சொன்னதும் உலகந்தான், செய்ததற்கு அடித்ததும் உலகந்தான்.

கழுகுக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கு நேராது. நம் உடல் டைக்ளோஃபெனாக்கைச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும். எனினும் நம் சிறுநீரகமும் இரத்த ஓட்டத்துக்குப் புரோஸ்டாகிளாண்டினை நம்பியிருக்கிறது. உடலில் நீர் வற்றிய வேளையில் மிகவும் நம்பியிருக்கிறது. பங்குனி வெயிலில் நூறு நாள் வேலை செய்து, வியர்த்து, தண்ணீர் குடியாமல், வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுபவர் தம் சிறுநீரகத்துக்கு இரு பக்கமும் அடி கொடுக்கிறார். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்க்கு இது மேலும் கொடிது. கருவுற்ற பெண்கள் ஐந்தாம் மாதத்துக்குப் பின் மருத்துவர் சொல்லாமல் இம்மாத்திரைகளைத் தொடலாகாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். அது அழற்சியைத் தணிக்காது, ஆயினும் வயிற்றைப் புண்ணாக்குவது அரிது. அதுவும் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும் என்பதை மறவற்க.

மாத்திரையே வேண்டா என்று நாம் சொல்லவில்லை. மெத்தை நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர் அவ்வாறு அறிவுரை கூறலாம். நாளைக் காலை கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்னும் வீட்டில் அவ்வுரை செல்லாது. எதை விழுங்குகிறோம் என்பது தெரிய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அட்டையின் பின்புறம் உள்ளிருக்கும் மருந்தின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. பொடி எழுத்து, அதுவும் ஆங்கிலம். அந்த மூதாட்டியால் படிக்க இயலாது. அவர் பேத்தியால் இயலும். அப்பேத்தி நம் சங்கத்தின் மாலை வகுப்பில் படித்தவள்.

ஆகவே நம் பள்ளியின் மேனிலை வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு பெரிய அட்டவணை எழுதச் செய்துள்ளோம். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், நைமெசுலைடு, பைராக்சிகாம், மெலாக்சிகாம் என ஒவ்வொரு பெயரும் ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் அருகருகே இருக்கும். இவற்றுள் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து உண்ணலாகாது என்று மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். இன்று மாலை அது சங்க நூலகத்தின் வாசற்சுவரில் மாட்டப்படும். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு இரண்டு மாணவர்கள் அங்கே இருப்பார்கள். தாய்மார்கள் வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்துவந்து அவர்களிடம் காட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நமக்குக் கூப்பிடு தொலைவில்தான் இருக்கிறது. அதன் வாயிலில் ஆய்வாளராய் நுழைய விரும்பும் பிள்ளைகளும் அதே ஞாயிறன்று வந்து நம்மைப் பார்க்கலாம். விண்ணப்பங்களை நிரப்பித் தருவோம்.